பிரையன் பிழைத்திருந்தால் மட்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அயர்லாந்துக் கற்பனைக் கட்டுரையைப் படித்தேன். 1014இல் டப்ளினுக்கு அருகே நடந்த க்ளோன்டார்ஃப் போரில் அயர்லாந்தின் பெருமன்னர் பிரையன் போரு சாகாமல் இருந்திருந்தால் ஆங்கிலேயர் அந்தத் தீவில் கால் வைத்தே இருக்க முடியாதாம். தங்களுக்குத் தெரியாததா? அன்று பிரையன் எழுபதைத் தாண்டிய கிழவர். பிழைத்திருந்தாலும் எத்தனை வருஷம்?

அவரோடு மகன் முரகாவும் பேரனும் அதே போரில் போனார்கள். முரகாவையாவது பிழைக்க வைத்துக் கற்பனை செய்திருக்கலாம். அதிலும் சிக்கல்தான். மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி அங்கே கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தா வழியில் வந்த ஆண்கள் யாரும் போட்டிக்கு நிற்கலாம். போருக்குப் பிறகு எஞ்சிய மகன்களில் டன்னகா என்பவர் 1023இல் தன் தகப்பனுக்குப் பிறந்த சகோதரனையே ஆள் வைத்துக் கொன்றார். எங்கள் ஊர்க் கோயில் முதல் மரியாதைக்காகப் பங்காளிகள் நாங்கள் அப்பா காலத்திலிருந்து கோர்ட்டுக்கு நடக்கிறோம். பெரியவர் ஒருவர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று எழுதுகிறவருக்குப் பங்காளிகளே கிடையாது போலிருக்கிறது.

அப்புறம், ‘வைக்கிங்குகளை விரட்டிய போர்’ என்று ஒரு முத்து. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்தான் வைக்கிங்குகள். டப்ளினின் வைக்கிங் மன்னர் சிட்ரிக், பிரையனின் மகளைக் கட்டிய மருமகன். போருக்குப் பிறகும் 1036 வரை டப்ளினில் அவர்தான் மன்னர். படத்தில் அவருக்குக் கொம்பு முளைத்த தலைக்கவசம் வேறு! வைக்கிங்குகள் கொம்போடு போருக்குப் போனதில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தில் ‘இதழ் அருமை’ என்ற வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி. சந்தாவை உயர்த்தும்போது மட்டும் எங்களுக்கு முழுக் கடிதம் வருகிறது.

மாற்றிப் பார்க்க வேண்டிய வருஷம் 1166. அயர்லாந்தின் ஒரு பகுதியான லென்ஸ்டரின் மன்னர் டர்மட் மக்மரோவை நாட்டைவிட்டே துரத்தாமல் பெருமன்னர் ரோரி ஓகானர் ஏதாவது சமாதானம் பேசியிருந்தால், டர்மட் கடல் கடந்து இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் போய் நின்றிருப்பாரா? மகள் ஈஃபாவை ஹென்றியின் நார்மன் பிரபு ஸ்ட்ராங்போவுக்குக் கட்டிக்கொடுத்து நார்மன் படையை ஊருக்குள் விட்டிருப்பாரா? 1171இல் ஹென்றியே வந்து இறங்கிவிட்டார். இத்தனைக்கும் காரணமான மனிதருக்குக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பச்சைப் புல்வெளிக்கு முழுப் பக்கம்!

சிட்ரிக் ஆண்ட வருஷத்துக்காவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கொம்பை இனி ஒன்றும் செய்ய முடியாது, தெரியும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்