கேட்காத போஸ்ட்பெய்டு பில்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பாதி வருடம் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களின் வீட்டுக்கு, அவர்கள் வாங்காத போஸ்ட்பெய்டு இணைப்புக்குப் பில் வருவதுண்டு. பணம் கேட்டு அழைப்பவரிடம் "வேண்டாம், கட் பண்ணிடுங்க" என்று சொல்வது புகார் ஆகாது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணை வாங்கினால்தான் கணக்கு. பதில் சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ள எண்கள் தெரியும். வாங்காத எண்ணுக்கு "என் எண் அல்ல" என்பதையே தேர்ந்தெடுங்கள். "தேவையில்லை" என்று அழுத்தினால், வாங்கியதை ஒப்புக்கொண்டது போலாகிவிடும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அடுத்து, இணைப்பு விண்ணப்பப் படிவத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். டிஜிட்டல் படிவத்தில் அப்போது எடுத்த புகைப்படமும் தேதி, நேரமும் இருக்கும். அந்தத் தேதியில் நீங்கள் வெளிநாட்டில் இருந்ததற்குப் பாஸ்போர்ட்டின் குடியேற்ற முத்திரைப் பக்கமே சாட்சி. அதை ஸ்கேன் செய்து புகாருடன் இணையுங்கள். இது வலுவான ஆதாரம்.

தளத்தில் நுழைய ஓடிபி வேண்டும். ரோமிங் இல்லாத சிம்முக்கு வெளிநாட்டில் அது வராது. எனவே மதுரையில் விமானம் ஏறுமுன்பே சரிபார்ப்பது நல்லது.

புகாருக்கும் மேல்முறையீட்டுக்கும் நிறுவனம் மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிச் சேவை வழக்குகளை ஆணையம் விசாரிக்கலாம் என 2022-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

- ஒரு வாசகர், மதுரை