நீ கேட்ட வண்டி விவரம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அபுதாபி வேலையை முடித்துக்கொண்டு சித்திரையில் ஊரோடு வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவளுக்குக் கல்லூரி முதல் வருடம் முடியப்போகிறது. லைசென்ஸ் எடுத்துவிட்டாள், என் வண்டிச் சாவி மேல்தான் அவளுக்குக் கண்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக்கில் பழைய 411 ஒன்றைத் தேடி வாங்குவதா, புது 450-க்கே போய்விடுவதா என்று கேட்டிருந்தாய். நான் 2018 கடைசியில் வாங்கியது இப்போது 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தனை வருடம் ஒரே வண்டியை ஓட்டியதில் எனக்கு ஒரு முடிவு உறுதியாகிவிட்டது. தூரப் பயணத்துக்கு வண்டி வாங்குபவன் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல. நாள் முழுக்க ஓட்டி, சாயங்காலம் இறங்கும்போது இடுப்பும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான். 411 என்னை அந்த விஷயத்தில் ஒருநாளும் கைவிட்டதில்லை. நிமிர்ந்து உட்காரலாம், கால் முட்டி ரொம்ப மடங்காது, மோசமான ரோட்டில் எழுந்து நின்றும் ஓட்டலாம். உன் உயரத்துக்கு 800 மில்லிமீட்டர் சீட்டு சௌகரியமாக இருக்கும். சிக்னலில் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். 450-ன் சீட்டு 825-ல் தொடங்குகிறது.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். 24.5 குதிரைத்திறன் என்று கேட்டதும் இந்தக் காலத்துப் பையன்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அதன் பிஸ்டன் விட்டம் 78 மில்லிமீட்டர், மேலும் கீழும் ஓடும் தூரம் 86. நீள ஓட்டம் உள்ள இன்ஜின் என்பதால் இழுவை கீழேயே கிடைத்துவிடுகிறது. அதன் இழுவை 32 நியூட்டன் மீட்டர், அது முழுவதும் நிமிடத்துக்கு 4,000, 4,500 சுழற்சியிலேயே வந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இதன் அருமை தெரியும். வளைவுக்கு வளைவு கியரைப் போட்டு மிதிக்க வேண்டியதில்லை. இரண்டாவதிலேயே விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருப்பினால் ஏறிக்கொண்டே இருக்கும். பின்னால் ஆள், பக்கத்துக்கு ஒரு பை, எல்லாம் இருந்தாலும் அப்படித்தான்.

நான்குவழிச் சாலையில் கதை வேறு. 80, 90-ல் போனால் அத்தனை சுகம். நூறைத் தாண்டினால் கைப்பிடியிலும் கால் வைக்கும் இடத்திலும் அதிர்வு வந்துவிடும், முந்தும்போது கணக்குப் போட்டுத்தான் முந்த வேண்டும். நீ சென்னைக்கும் பெங்களூருக்கும் ஹைவேயிலேயே அடிக்கடி ஓடப்போகிறாய் என்றால் தயங்காமல் 450 எடு. 40 குதிரைத்திறன், ஆறு கியர், தண்ணீரால் குளிரும் இன்ஜின், அந்த ரோட்டுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் மலைப்பாதை, கிராமத்து ரோடு, கடற்கரை என்றுதானே ஆசைப்படுகிறாய்? அதற்கு 411 போதும். போதும் என்பதைவிட, அதற்காகவே பிறந்த வண்டி.

எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு, காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் இன்ஜின். டேப்பட் சத்தம், அதாவது வால்வு இடைவெளி கூடி டக்டக் என்று வரும் சத்தம் கேட்டால், ஒரு ஸ்பேனரும் இடைவெளி பார்க்கும் தகடும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். போன முறை அவளே ஒரு வால்வைச் சரிசெய்தாள்.

செலவு பற்றிக் கேட்டிருந்தாய். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் 20,000, 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அது எந்த வண்டிக்கும் உள்ளதுதான். மழையில் ஓட்டிவிட்டு வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் விட்டால் செயின் நீண்ட நாள் உழைக்கும். பெட்ரோல் போட்டுக் கழுவிவிடாதே, உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கெட்டுவிடும். தனுஷ்கோடி போய் அரிச்சல்முனை வரை ஓட்டிவிட்டு வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அங்கே காற்றில் வரும் உப்பு ஸ்போக்கிலும் செயினிலும் படிந்து இரண்டே நாளில் துருவைக் கொண்டுவந்துவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பிரேக்கை நம்பி மலை இறங்குகிறவன் அதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

டேங்க் 15 லிட்டர். கோவையிலிருந்து ராமேசுவரத்துக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டர், நிறைத்துக்கொண்டு கிளம்பினால் வழியில் பங்க் தேட வேண்டியதில்லை. இப்போது ஏறக்குறைய எல்லா பங்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் சற்று இறங்கத்தான் செய்யும். அது ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காமல், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து ஓட்டுவதுதான் இதற்கு நல்லது.

டியூப் உள்ள டயர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள். ஒருமுறை பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது பின்சக்கரம் பங்சர். யானை நடமாட்டம் உள்ள காடு, அங்கே நின்று வேலை பார்க்க முடியாது. வீட்டுக்காரியை மைசூர் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மெதுவாக உருட்டிக் கீழே வந்து பண்ணாரி கோயில் பக்கத்தில்தான் டியூப் மாற்றினேன். முன்சக்கரம் 21 அங்குலம், அந்த அளவு டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது. இரண்டு சக்கரத்துக்கும் ஒவ்வொரு டியூபும், டயர் நெம்பும் கம்பியும், சின்ன பம்ப்பும் என் பையில் எப்போதும் இருக்கும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதே. நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பார். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், மாற்ற வேண்டிய நேரம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றிவிடு. காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய் நீயே ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேள். இன்சூரன்ஸையும் கேட்க வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) சேர்த்தே கொடுக்கிறார்கள், 2019, 2020 வண்டி என்றால் அது முடிந்திருக்கும். 411 விற்பனை 2023-உடன் நின்றுவிட்டது, அதனால் கடைசி இரண்டு வருட வண்டியாகக் கிடைத்தால் நல்லது.

பெட்டி, கூடுதல் விளக்கு என்று முதலிலேயே காசைக் கொட்டாதே. முதுகுக்கு நல்ல ஜாக்கெட்டும், மழைக்கு நல்ல பூட்ஸும் வாங்கு. தங்கச்சிக்கும் சேர்த்து வாங்கு. பின்சீட்டில் உட்காருபவர் சௌகரியமாக இல்லையென்றால் அந்தப் பயணம் பாதியிலேயே கசந்துவிடும். தங்கச்சிக்கு முட்டி வலி என்று எழுதியிருந்தாய். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, டீ குடித்து, கொஞ்சம் நடந்துவிட்டுப் போனால் என் வீட்டுக்காரிக்குச் சரியாக இருக்கிறது.

முதல் பயணத்துக்கு ஊட்டியோ கொடைக்கானலோ வேண்டாம். சீசனில் அங்கே கூட்டம் தாங்காது. வால்பாறைக்கே போவோம். அதிகாலையில் கிளம்பினால் அட்டகட்டியில் டிபன் சாப்பிடலாம்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். இங்கே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரே கை ஓட்டிய வண்டியாக இரண்டு மூன்று பார்த்து வைப்பதாகச் சொன்னார். நீ வந்ததும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். அதுவரை என் வண்டியை எடுத்து ஓட்டிக்கொள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்