இமயமலைத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஆறுகள், கடல்கள், காற்றுகள், பனியாறுகள் ஆகிய உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளாக நடைபெற்ற இமயமலைத் திருப்பணியின் முதற்கட்ட வேலைகள் நிறைவுற்றன என்பதைப் பூமித் திருப்பணிக் குழு பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. மேற்கிலிருந்து கிழக்குவரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு மலை எழுப்பப்பட்டுள்ளது.

திருப்பணிக்கு வேண்டிய கல் தென்பாதி உலகிலிருந்து வரவேண்டியிருந்தது. கோண்டுவானா என்னும் கூட்டுக்குடும்பத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவுடன் ஒட்டியிருந்த இந்தியத் தட்டு (இந்திய நிலத்தைச் சுமந்து நகரும் பெரும்பாறைப் பலகை), பாகப்பிரிவினைக்குப் பின், ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரையும் விட்டு விலகி வடக்கே புறப்பட்டது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. கண்டங்களின் நடையில் இது ஓட்டமே ஆகும்.

வழியில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், எதிர்பாராத செலவு ஒன்று நேர்ந்தது. இன்று இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவுக்கு அடியில் உள்ள, பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தின்மேல் தட்டு வந்தபோது, எரிமலைக் குழம்பு பொங்கித் தக்காணத்தின் பெரும்பகுதியில் பரவி, படிக்கட்டுபோல் அடுக்கடுக்காக உறைந்தது. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் அந்தக் கரும்பாறை கிடக்கிறது. பின்னாளில் எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலைச் சிற்பிகள் குடைந்தெடுத்தது அதே பாறையில்தான் என்பதால், குழு அதனை வரவுக் கணக்கிலேயே சேர்த்துள்ளது.

இனி, இவ்வறிக்கையில் முதன்மையாகச் சொல்லவேண்டியது டெதிஸ் கடலைப் பற்றியதாகும். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பரந்து கிடந்த அக்கடல், தன் இடம் முழுவதையும் இத்திருப்பணிக்கு ஈந்தது. அதன் அடித்தளம் ஆசியாவின் கீழே அமிழ்ந்து போயிற்று. அதுவும் அதற்கு முந்திய கடல்களும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்த்துவைத்த சேறும் சுண்ணாம்பும் இரு நிலங்களுக்கிடையே நெருக்குண்டு, மடிப்பு மடிப்பாக மேலெழுந்தன. நன்கொடை அளித்தவர் பலர் உண்டு. தம்மையே அளித்து மறைந்த உபயதாரர் இவர் ஒருவரே.

அவர் பெயரைக் கல்லில் பொறிக்கவேண்டும் என உறுப்பினர் பலர் கேட்டிருந்தனர். தனியே கல்வெட்டு வைக்கத் தேவை எழவில்லை. எவரெஸ்ட் உச்சியில் உள்ள கல், பழங்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லே. அதில் கடலுயிர்களின் துணுக்குகள் இன்றும் உள்ளன. உச்சிவரை ஏற இயலாதோர் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றங்கரைக்குச் சென்று, அங்கு கிடைக்கும் சாளக்கிராமத்தைப் பார்க்கலாம். வழவழப்பான அக்கருங்கல்லின் உள்ளே, ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட கூட்டின் பதிவு வரிவரியாகத் தெரியும். நகத்தால் வருடினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். அது அம்மோனைட் என்னும் கடலுயிரின் கூடு. சாளக்கிராமத்துக்குத் துளசி சார்த்தித் திருமாலாக வழிபடும் இல்லங்களில் டெதிஸ் கடலுக்கும் நாள்தோறும் மரியாதை நடக்கிறது என்றே குழு கருதுகிறது.

சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய உறுப்பினர்கள், தாங்கள் மலைக்கு முந்தியவர்கள் என்றும் தங்கள் வழியை அடைக்கலாகாது என்றும் முறையிட்டனர். அம்முறையீடு நியாயமானது. மலை உயர உயர, அவர்கள் அதே வேகத்தில் அறுத்துக்கொண்டே தத்தம் பழைய பாதையில் ஓடினர். அவர்கள் வெட்டிய பள்ளத்தாக்குகளைக் குழு தன் வேலையாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. வெட்டிய கல்லையும் மண்ணையும் அப்புறப்படுத்தும் பொறுப்பைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஏற்றன. அவை கொண்டுபோய்க் கொட்டியது வங்கக் கடலடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. சில இடங்களில் அதன் கனம் 16 கிலோமீட்டர். இடம் தந்த வங்கக் கடலுக்கு நன்றி.

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என நேபாளமும் சீனாவும் 2020இல் கூட்டாக அறிவித்தன. இதனை இறுதி அளவாகக் கொள்ளவேண்டாம். இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டிருப்பதால் சாரம் பிரிக்கப்படவில்லை. குடமுழுக்குக்கும் நாள் குறிக்கப்படவில்லை. அதுவரை செதுக்கு வேலை பனியாறுகளின் பொறுப்பிலேயே இருக்கும்.

இங்ஙனம்,
பூமித் திருப்பணிக் குழுவினர்