பூட்டி முடித்ததும் பறக்கவிடும் ட்ரோன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாங்களே ட்ரோன் செய்து பறக்கவிட்டதாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி செய்தி வருகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அச்செய்திகளிலும், அவற்றுக்குக் காரணமான பயிற்சிப் பட்டறைகள் பலவற்றிலும், ஒரு பகுதி மட்டும் தொடர்ந்து விடுபட்டுப்போகிறது. சட்டகத்தில் மோட்டார்களைப் பூட்டுவதும் வயர்களுக்கு ஈயப்பற்று வைப்பதும் பொறுமையாகக் கற்பிக்கப்படுகின்றன. அதன்பின் வரவேண்டிய அளவுத்திருத்தமும் (கேலிப்ரேஷன், அதாவது கருவியின் பாகங்கள் காட்டும் அளவுகளைச் சரிசெய்வது), ப்ரொப்பெல்லர் மாட்டாமலே செய்து பார்க்க வேண்டிய சோதனைகளும் கடைசி நாள் மாலையில் அவசர அவசரமாக முடிக்கப்படுகின்றன. அல்லது மாணவர் கண்ணில் படாமல் பயிற்றுநரே செய்து கொடுத்துவிடுகிறார். பாலிடெக்னிக் ஒன்றின் கருவியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், விழுந்து அடிபட்ட ட்ரோன்களை மாணவர்கள் கொண்டுவரும்போது பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

மாணவர்கள் பெரும்பாலும் செய்வது ஒரே மாதிரியான கருவிதான். மூலைக்கு மூலை 450 மில்லிமீட்டர் அளவுள்ள சட்டகம், 2212 வகை மோட்டார் நான்கு, அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி. நான்கு, பத்து அங்குல ப்ரொப்பெல்லர்கள், மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் ஒரு ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறத்தலைக் கட்டுப்படுத்தும் மின்பலகை). சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ இவை அனைத்தும் கிடைத்துவிடுகின்றன. இறக்கை வைத்த விமானம் மோட்டார் நின்றாலும் சறுக்கிக்கொண்டு இறங்கும். நான்கு ப்ரொப்பெல்லர்களால் பறக்கும் இந்தக் குவாட்காப்டருக்கு அந்த இயல்பு கிடையாது. நான்கு மோட்டார்களின் வேகத்தையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அது அந்தரத்தில் நிற்கிறது. அந்த மாற்றங்களை முடிவு செய்வது உணரிகள் தரும் எண்கள். எண் பொய்யானால், கன்ட்ரோலர் அந்தப் பொய்யையே மிகத் துல்லியமாக நிறைவேற்றும்.

முதலில், கருவியின் சாய்வை அறிய உதவும் முடுக்கமானி. ட்ரோனைக் கணினியில் இணைத்து அமைப்பதற்கான மிஷன் பிளானர் மென்பொருள் கருவியை ஆறு நிலைகளில் வைக்கச் சொல்லும்: மட்டமாக, இடப்பக்கம் கீழாக, வலப்பக்கம் கீழாக, மூக்கு கீழாக, மூக்கு மேலாக, இறுதியில் தலைகீழாக. ஒவ்வொரு நிலையிலும் புவியீர்ப்பு முழுவதும் ஓர் அச்சின் மீது விழுவதால், அந்த அச்சு எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்பதைப் பலகை கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. மற்ற ஐந்து நிலைகளில் ஓரிரு டிகிரி பிசகினால் பெரிய கேடு இல்லை. ஆனால் மட்டமாக வைக்கும் முதல் நிலையையே கருவி தன் ‘மட்டம்’ என்று நினைவில் கொள்கிறது. இங்கேதான் மொட்டை மாடி வினையாகிறது. மழைநீர் தேங்காமல் வடிவதற்காக நம் மாடித் தளங்கள் வாட்டம் கொடுத்துக் கட்டப்பட்டவை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் அந்தத் தளத்தில் வைத்து அளவுத்திருத்தம் செய்த ட்ரோன், ஜி.பி.எஸ். உதவியில்லாமல் பறக்கும்போது, ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொடாமல் விட்டாலும் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பையன்கள் காற்றைக் குறை சொல்வார்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி, ஒரு மேசையை நெடுக்கிலும் குறுக்கிலும் பார்த்து, காலுக்கு அடியில் அட்டை கொடுத்துச் சமன்செய்துவிட்டு அதன்மேல் இந்த வேலையைச் செய்தால் அந்த நகர்வு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கருவி திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒவ்வொரு முறை பேட்டரியை இணைத்ததும் அது தானாகவே பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்தச் சில நொடிகள் கருவி தரையில் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் தூக்கிப் பிடித்தபடி பேட்டரியைச் செருகும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

திசைகாட்டிக்கோ மொட்டை மாடி அதைவிடக் கெட்ட இடம். தளத்துக்குள் பின்னிக் கிடக்கும் முறுக்குக் கம்பிகள், படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் தாங்கு சட்டம், செய்பவரின் பையிலுள்ள கைபேசி, சாவிக்கொத்து ஆகிய எல்லாமே புவியின் காந்தப்புலத்தைத் திரித்துக் காட்டும். கருவியை எல்லாப் பக்கமாகவும் சுழற்றி அளவுத்திருத்தம் செய்யும்போது, அந்தத் திரிபும் சேர்த்தே பதிவாகிவிடுகிறது. பிறகு மைதானத்துக்குப் போய் ஜி.பி.எஸ். துணையோடு ஓரிடத்தில் நிறுத்த முயன்றால், ட்ரோன் நிற்காமல் சிறு வட்டமாகச் சுற்றத் தொடங்கி, வட்டம் சுற்றுக்குச் சுற்று பெரிதாகிக்கொண்டே போகும். தான் பார்க்கும் திசையைத் தவறாக எண்ணிக்கொள்வதால், விலகலைத் திருத்த அது எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் பக்கவாட்டில் போய்விடுகிறது. இதைப் பார்த்து ஜி.பி.எஸ். பழுது என்று புதிது வாங்கி மாட்டியவர்களை அறிவேன்.

வெளியிலுள்ள இரும்பைவிடக் கருவிக்குள் ஓடும் மின்சாரம் இன்னும் பெரிய இடைஞ்சல். இத்தகைய ட்ரோன் அந்தரத்தில் நிற்கும்போது பேட்டரியிலிருந்து 15 முதல் 20 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். தனியாகச் செல்லும் ஒரு வயரில் 20 ஆம்பியர் ஓடினால், ஐந்து சென்டிமீட்டர் தள்ளி அது உண்டாக்கும் காந்தப்புலம் 80 மைக்ரோடெஸ்லா. நம் பகுதியில் புவியின் காந்தப்புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாதான். அதாவது, மோட்டார் ஓடாதபோது வடக்கைச் சரியாகக் காட்டும் கருவி, எழும்பும் அந்த நொடியில் வேறு எதையோ வடக்கு என்று காட்டக்கூடும். பரிகாரம் எளிது: பேட்டரியின் சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டால் ஒன்றின் புலத்தை மற்றொன்று பெரிதும் நீக்கிவிடும்; திசைகாட்டியை ஜி.பி.எஸ்.ஸோடு சேர்த்து ஒரு சிறு கம்பத்தின் மேல் உயர்த்தி வைத்தால் மிச்சமும் குறைந்துவிடும். அந்தக் கம்பம் அழகுக்காக வைத்தது என்று எண்ணிக் கழற்றிவிடுகிறார்கள்.

இதில் தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு நற்பேறும் உண்டு. காந்த நிலநடுக்கோடு நமக்கு மிக அருகில் செல்கிறது. 1963-இல் ராக்கெட் ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்த அருகாமையே காரணம். இங்கே புவியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுக்கையாகவே இருப்பதால், திசையைக் காட்ட உதவும் கிடைக்கூறு துருவத்தை ஒட்டிய நாடுகளைவிட வலுவாகக் கிடைக்கிறது. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள விலக்கமும் ஓரிரு டிகிரி அளவே. ஆகவே நம் ஊரில் திசைகாட்டி தடுமாறினால் பழியைப் புவியின் மீது போட வழியில்லை.

இனி, காயம் உண்டாக்கும் பகுதிக்கு வருகிறேன். இ.எஸ்.சி.களின் அளவுத்திருத்தத்தில், ரிமோட்டில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை உச்சியில் வைத்துக்கொண்டு பேட்டரியை இணைத்து, பீப் ஒலி கேட்டபின் அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். நான்கு இ.எஸ்.சி.களும் ‘எது குறைந்த அளவு, எது கூடிய அளவு’ என்பதை ஒன்றுபோல் கற்றுக்கொள்வதற்கான முறை இது. ஒன்று மட்டும் வேறாகக் கற்றுக்கொண்டால், அந்த மோட்டார் முந்தியோ பிந்தியோ சுழலத் தொடங்கி, எழும்பும்போதே கருவியைக் கவிழ்த்துவிடும். ஆனால் இ.எஸ்.சி. அந்தக் கற்கும் நிலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். த்ராட்டில் உச்சியில் இருக்கிறது, பேட்டரி இணைந்துவிட்டது. 1000 கே.வி. மோட்டார் (கே.வி. என்பது இங்கே கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற அளவு), முழுதும் ஏற்றிய 12.6 வோல்ட் பேட்டரியில், பளு இல்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,600 சுற்று சுழலக்கூடியது. ப்ரொப்பெல்லர் மாட்டினால் வேகம் குறையும் என்றாலும், விரலை எலும்புவரை அறுக்க அது தாராளமாகப் போதும். மேசை மீது செய்யும் எந்த வேலைக்கும் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, விதியாகவே சொல்கிறேன். டிஷாட் எனப்படும் டிஜிட்டல் முறையில் இயங்கும் புதிய இ.எஸ்.சி.களுக்கு இந்த அளவுத்திருத்தமே தேவைப்படுவதில்லை. ஆனால் மலிவான பட்டறைத் தொகுப்புகளில் பழைய வகையே இன்னும் வருகிறது. ரிமோட்டின் அளவுத்திருத்தம் சிக்கலில்லாதது: எல்லா ஸ்டிக்குகளையும் எல்லை வரை அசைத்து, ஏறத்தாழ 1000 முதல் 2000 வரை எண் மாறுகிறதா, நடுவில் 1500-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

மோட்டார்களின் வரிசையிலும் சுழலும் திசையிலும் நேரும் குழப்பமே, என் மேசைக்கு வரும் கருவிகளில் அதிகம் காண்பது. ஆர்டுபைலட்டின் எக்ஸ் வடிவ அமைப்பில் முதல் மோட்டார் முன்பக்க வலது, இரண்டாவது பின்பக்க இடது, மூன்றாவது முன்பக்க இடது, நான்காவது பின்பக்க வலது. கடிகார முள் சுற்றுவது போலவே வரிசையாக எண்ணிக்கொண்டு இணைப்பவர்கள் இங்கே தவறுகிறார்கள். முதல் இரண்டும் இடஞ்சுழியாகவும் மற்ற இரண்டும் வலஞ்சுழியாகவும் சுழல வேண்டும். திசை மாறியிருந்தால் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும். இவை எல்லாம் சரியா என்று அறிய ஒரு நல்ல சோதனை உண்டு. ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, கருவி தானே மட்டமாக நிற்க முயலும் ஸ்டெபிலைஸ் முறையில் மோட்டார்களை மெதுவாக ஓடவிட்டு, கருவியைக் கையில் பிடித்து மூக்கைத் தாழ்த்த வேண்டும். முன்பக்க மோட்டார்கள் இரண்டும் வேகமெடுக்கும் ஒலி கேட்க வேண்டும். இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்க மோட்டார்கள் வேகமெடுக்க வேண்டும். சாய்ந்த பக்கத்தைத் தூக்கிவிட முயல்வதுதானே அதன் வேலை! எதிர்ப்பக்க மோட்டார் வேகமெடுத்தால், பலகையைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள் அல்லது வரிசை மாறியிருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை எந்தச் செய்முறை ஏட்டிலும் நான் கண்டதில்லை.

ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும், பேட்டரியின் மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் ஃபெயில்சேஃப் அமைப்பையும் தரையிலேயே, ப்ரொப்பெல்லர் இல்லாமல், ரிமோட்டை உண்மையாகவே அணைத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சாய்வை எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் பி.ஐ.டி. எண்களைத் திருத்துவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். சமநிலை இல்லாத ப்ரொப்பெல்லரையும் தளர்ந்த திருகுகளையும் வைத்துக்கொண்டு அந்த எண்களோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான கருவியை மைக்ரோ வகை என்கின்றன. வணிக நோக்கமின்றி அதைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய வான்பகுதியில்), தம் வளாகத்துக்குள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும்போது பதிவெண்ணிலிருந்தும் விலக்கு உண்டு. அரசு இப்படித் தளர்த்திக் கொடுத்திருப்பதால், கருவி பறக்கத் தகுதியானதா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் அந்த நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது. வேறு யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை.

ஆகவே, பட்டறை நடத்தும் கல்லூரிகள் பயிற்சி நேரத்தில் பாதியையாவது இந்த வேலைகளுக்கு ஒதுக்க வேண்டும். போட்டிகளில் பறக்கும் உயரத்துக்கும் நேரத்துக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, பறக்கும்போது கருவி தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் அதிர்வும் திசைகாட்டியும் எப்படி இருந்தன என்பதை மாணவரே விளக்குவதற்குக் கொடுக்க வேண்டும். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சுழலும் ப்ரொப்பெல்லர்களைச் சுற்றி மாணவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் கூடி நிற்கும் படங்களை இனி வெளியிட வேண்டாம். படம் தேவையென்றால் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்கும்படி செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். எந்தக் கல்லூரியும் மறுக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.