சின்னக் கற்களுக்காகப் பிரான்ஸின் கர்னாக் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும் நகரசபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2025 ஜூலையில் உங்கள் ஊரில் கற்கால மனிதர்கள் நட்ட கல் வரிசைகளும் மோர்பியான் மாவட்டக் கரையோரப் பெருங்கற்சின்னங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறின. வாழ்த்துகள். சுமார் 4,000 பேர் வாழும் கடலோரச் சிற்றூருக்கு இது லேசான பெருமையல்ல. ஆனால் நான் எழுதுவது எந்தப் பட்டியலும் கண்டுகொள்ளாத கற்களுக்காக.

வீட்டு மராமத்துச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றைக் கட்டுவதற்காக, பெரிய வரிசைகளிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, 39 குத்துக்கற்கள் பெயர்க்கப்பட்ட செய்தி 2023 ஜூனில் வெளிவந்தது. அதற்காக அன்றைய மேயரை மிரட்டியவர்கள் செய்தது அசிங்கம். அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அனுமதி சட்டப்படிதான் கொடுக்கப்பட்டது என்றீர்கள், நம்புகிறேன். என்னை உறுத்துவது வேறு. கற்கள் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரைதான், பெரிய முக்கியத்துவம் இல்லாதவை என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டதே, அதுதான்.

அந்தப் பெரிய வரிசைத் தொகுதிகளில் ஒன்றான உங்கள் மெனெக்கையே பாருங்கள். 11 வரிசை, ஆயிரத்துக்கு மேல் கற்கள், ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய நீளம். மேற்குக் கோடியில் 4 மீட்டர் உயரத்தில் நிற்பவை கிழக்கே போகப் போகச் சிறுத்து, ஓரிடத்தில் 60 சென்டிமீட்டர் ஆகிவிடுகின்றன. ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள் களைத்துப்போய்ச் சின்னக் கல்லை நட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஏற்ற இறக்கமே அவர்கள் போட்ட திட்டம். மெனெக்கில் 60 சென்டிமீட்டர் கல் உலகச் சொத்து. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அதே உயரக் கல் இடைஞ்சலா? அந்த 39 கற்கள் பழைய வரிசையா, பின்னால் யாரோ கட்டிய சுவரின் மிச்சமா என்று தோண்டிப் பார்த்திருக்கலாம். இனி அதற்கும் வழியில்லை.

புனித கொர்னேலியைத் துரத்திவந்த ரோமானியப் படை அப்படியே கல்லாய்ச் சமைந்தது என்பது உங்கள் ஊர்க் கதை. படை என்றால் தளபதி மட்டுமா? கடைசி வரிசைப் பொடியனும் அதில் உண்டு.

வீடு கட்டவும் சுவர் எழுப்பவும் முன்பு இங்கே எத்தனையோ கற்களை உடைத்தார்கள். பிறகு உங்கள் ஊர்க்காரரான தொல்லியலாளர் சக்காரி லெ ரூசிக் விழுந்து கிடந்தவற்றைத் தூக்கி நிறுத்தினார். தாம் நிமிர்த்திய கல் எது, ஆதியிலிருந்து நிற்பது எது என்று பின்னால் வருபவர்கள் குழம்பக் கூடாதென்று சிவப்புச் சிமெண்டால் சின்னதாக அடையாளமும் வைத்தார். இந்தக் கவனம் இதே ஊரில் விளைந்ததுதான்.

பார்வையாளர்களின் காலடியில் புல் தேய்ந்து மண் கரைகிறதென்று 1991 முதல் வரிசைகளைச் சுற்றி வேலி இருக்கிறது. கோடையில் வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். சரியான ஏற்பாடு. செருப்புக்கு இவ்வளவு கட்டுப்பாடு வைத்த ஊரில் புல்டோசருக்கு ஏன் இல்லை?

முதலில் ஊர் எல்லைக்குள் தெரிந்த எல்லாக் கற்களையும், காலம் உறுதியாகாதவற்றையும் சேர்த்து, நகர அமைப்பு வரைபடத்தில் குறியுங்கள். தோண்டி ஆராய உத்தரவிடுவது அரசின் பிரதிநிதியான பிரிஃபே கையில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் கட்டட அனுமதியில் கையெழுத்திடுவது மேயர்தான். சந்தேகமுள்ள கோப்பைத் தாமாகவே பிரிஃபேயிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. கடை திறப்பு சில மாதம் தள்ளிப்போகலாம். போகட்டுமே. அடுத்த கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அந்த நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றாலும், கையெழுத்துக்கு முன் கோப்பைப் பிரிஃபேயிடம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பிரான்ஸில் வாழும் ஒரு தமிழர்