மகாளயத்துக்குள் குமார்துலி போய் வா

திருச்சி

அன்புள்ள கார்த்திக்,

"ஆபீஸ், ஃபிளாட், மால். கொல்கத்தாவில் வேறென்னம்மா இருக்கு?" என்று நேற்று போனில் கேட்டாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நியூ டவுனில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் தோன்றும் கண்ணா. அது நேற்று முளைத்த இடம். பழைய ஊர் வடக்கே இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து ஷோபாபஜார் சுதாநுட்டியில் இறங்கு.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் வந்திறங்கியது அந்த சுதாநுட்டியில்தான். அவர்தான் நகரத்தை உண்டாக்கினார் என்று பள்ளியில் படித்திருப்பாய். அதை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சார்னாக்கை நிறுவனர் என்று சொல்ல முடியாது என்று 2003-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அங்கே நூலும் துணியும் விற்று ஜனங்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு அது.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் குமார்துலி. துர்க்கை பொம்மை செய்கிறவர்களின் தெரு. அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த காலத்தில், பூஜை நெருங்கினால் நான் அங்கே போய் நின்றுவிடுவேன். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சுற்றிக் கட்டி உடம்பு செய்வார்கள். அதன்மேல் உமி கலந்த களிமண், அப்புறம் வழவழப்பான ஆற்று மண். வெடிப்பு விட்ட இடத்தில் துணிக்கீற்றை மண்குழம்பில் நனைத்து ஒட்டுவார்கள். விரல்களைத் தனியாக உருட்டிச் செய்து கடைசியில்தான் பொருத்துவார்கள். அவசரப்படாமல் பார். வேலை நேரத்தில் போட்டோ எடுத்துத் தொந்தரவு செய்யாதே.

மகாளய அமாவாசையன்று அம்மனுக்குக் கண் திறப்பது பழைய வழக்கம். அன்று விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்துக்கொள். அந்த நேரத்தில் வங்காளத்தில் ரேடியோ கேட்பார்கள். 'மகிஷாசுரமர்த்தினி' என்று ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி, 1930-களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. பீரேந்திர கிருஷ்ண பத்ரா சண்டி பாராயணம் செய்வார், நடுநடுவே பாட்டு. நெருக்கடி நிலை காலத்தில், 1976-இல், பத்ராவை எடுத்துவிட்டு உத்தம் குமாரை வைத்துப் புதிதாக ஒன்று போட்டார்கள். உத்தம் குமார் என்றால் நம்மூர் சிவாஜி மாதிரி, அப்படி ஒரு செல்வாக்கு. ஆனாலும் ஊரே கொதித்துப் போயிற்று. கடைசியில் சஷ்டியன்று பழைய நிகழ்ச்சியையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. மறுவருஷத்திலிருந்து பத்ராவின் குரல்தான். அவர் 1991-இல் காலமானார். இன்றைக்கும் அந்தப் பதிவைத்தான் போடுகிறார்கள். எந்த நட்சத்திரத்துக்காகவும் அந்தக் குரலை விட்டுக்கொடுக்காத ஜனங்கள் நடுவில் நீ இருக்கிறாய். எனக்கு அதில் பெருமைதான்.

புதுசாக வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதே. சர் சி.வி. ராமன் 1907-இல் அங்கே போனபோது பதினெட்டு வயசுதான், அரசாங்கக் கணக்குத் துறை உத்தியோகம். டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டதாம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-இல் ஆரம்பித்த அறிவியல் கழகம் அது. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ராமன் அங்கேயே கிடந்தார். 1928-இல் ராமன் விளைவைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். நீ கேப்பில் போகும்போது போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

வீட்டுக்கார அம்மாவை இனிமேல் 'ஆன்ட்டி' என்று கூப்பிடாதே, 'மாஷிமா' என்று கூப்பிடு. மகாளயத்தன்று அவர்களோடு உட்கார்ந்து ரேடியோ கேட்கலாமா என்று நீயே கேள். சந்தோஷமாகக் கூப்பிடுவார்கள்.

அன்று அப்பா இங்கே அம்மா மண்டபத்தில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்வார். அங்கேயும் ஹூக்ளிக் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீரில் இறங்கி அதையேதான் செய்வார்கள். அப்பா இருக்கும்போது உனக்குத் தர்ப்பணம் கிடையாது. ஆனாலும் ரேடியோ முடிந்ததும் பாக்பஜார் படித்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா. அப்பா குளித்துவிட்டு வர எட்டு மணி ஆகும், அப்புறம் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா