என்ன வேலை என்று கேட்டீர்களே, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, அப்பாயி எல்லாரும் நலம்தானே? பணம் இங்கே சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையிலிருந்து போன ஞாயிறே போட்டுவிட்டேன், பாங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசும்போதெல்லாம் "அப்படி என்னம்மா வேலை?" என்று கேட்கிறீர்கள், நான் மூளை என்று ஆரம்பித்ததுமே அம்மா போனை வாங்கிச் சாப்பிட்டியா என்று கேட்டுவிடுகிறாள். அதனால் எழுதியே சொல்கிறேன். கவனம் மூளைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் லேபில் இருக்கிறேன்.

லேபுக்கு ஆட்கள் வருவார்கள், பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். அவர்கள் தலையில் இறுக்கமான துணித் தொப்பி ஒன்றை மாட்டுவேன். அதில் 64 இடத்தில் எலெக்ட்ரோடு என்ற சின்ன உலோகப் பொட்டு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அடியில் முனை மழுங்கிய ஊசியால் ஜெல் விட வேண்டும். வலிக்காது, ஆனால் தலை பிசுபிசுத்துப் போகும். நம்மூர்ப் பிள்ளை யாராவது தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தொலைந்தோம், சிக்னல் சரியாகவே வராது. அதற்காகவே முந்தின நாள் மெசேஜ் போய்விடும்: தலைக்குக் குளித்துவிட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க.

அந்தத் தொப்பி பிடிப்பது மூளையிலிருந்து வரும் மின்சாரத்தை. கரண்ட் என்றதும் அம்மா பயப்படப் போகிறாள், நாங்கள் எதையும் உள்ளே செலுத்துவதில்லை, ஏற்கனவே இருப்பதை அளக்கிறோம், அவ்வளவுதான். அதுவும் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருமே, அதில் சில பத்துப் பங்கு. ஆள் ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும், திரையில் அந்தச் சிமிட்டல்தான் மலை மலையாக வந்து நிற்கும். கண்ணை மூடிச் சும்மா உட்காரச் சொன்னால் தலையின் பின்பக்கத்திலிருந்து நொடிக்குப் பத்து தடவை போல ஓர் அலை எழும்பும், கண்ணைத் திறந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆல்ஃபா அலை என்பார்கள். எத்தனை பேரிடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மனிதர் மூளையின் அலையை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர், 1924-ல். கட்டுரையாக வெளியிட இன்னும் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டார். அவர் கதை உங்களுக்குப் பிடிக்கும். இளவயதில் ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியில் நசுங்கப் போய் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே, தூரத்தில் வீட்டில் இருந்த அக்காவுக்கு, தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மனது அடித்துக்கொள்ள, அவள் சொல்லி அப்பா தந்தி அடித்தாராம். ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு எதுவோ போகிறது என்று நம்பி, அதைத் தேடித்தான் மூளைக்குள் இறங்கினார். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது இந்த அலை.

சரி, என் வேலைக்கு வருகிறேன். திரை நடுவில் ஒரு கூட்டல் குறி இருக்கும், ஆள் கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது. ஓர் அம்புக்குறி இடது அல்லது வலது என்று காட்டும், கண்ணை அசைக்காமல் கவனத்தை மட்டும் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். அங்கே மங்கலாக ஒரு புள்ளி மின்னினால் பட்டனை அமுக்க வேண்டும். இது முடியுமா என்று சிலர் கேட்பார்கள். உங்களை நினைத்துக்கொள்வேன். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும்போது கண் நேரே ரோட்டில்தான் இருக்கும், ஆனால் வடுவூர்ப் பக்கம் ஓரத்தில் ஆடு அசைந்தாலே உங்கள் கால் பிரேக்குக்குப் போய்விடுமே. அதேதான் இது.

இடது பக்கம் தெரிவதை மூளையின் பின்புற வலது பாதி பார்த்துக்கொள்கிறது, வலது பக்கத்தை இடது பாதி. ஆள் இடப்பக்கம் கவனத்தை அனுப்பினால் வலது பாதியில் ஆல்ஃபா குறைகிறது, இடது பாதியில் ஓங்குகிறது. வேண்டாத பக்கத்தை அடக்கி வைக்கத்தான் அந்த அலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்போ மேலே சொன்னேனே, கண்ணை மூடினதும் எழும்பும் அலை, அதுவும் வெறும் ஓய்வு இல்லை போல!

இதைவிட என்னை அசத்தியது இன்னொன்று. நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது கவனம் அங்கேயே அசையாமல் நிற்கிறது என்றுதானே நினைக்கிறோம்? 2018-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், பெர்க்லி பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள் குரங்குகளிடமும், வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள்ளேயே எலெக்ட்ரோடு வைக்கப்பட்டிருந்த நோயாளிகளிடமும் அளந்து பார்த்து, அது நொடிக்குச் சுமார் நாலு தடவை ஏறி இறங்குகிறது என்று எழுதினார்கள். ஏறும் கட்டத்தில் பார்வை கூர்மையாகிறது, கண்ணைத் திருப்பும் பகுதி கட்டுப்பட்டு இருக்கிறது. இறங்கும் கட்டத்தில் பிடி கொஞ்சம் தளர்கிறது, அந்த இடைவெளியில் வேறு எதன் மீதாவது கவனம் தாவிக்கொள்ளலாம். மூளையின் நடுவே பல்வினார் என்று ஒரு பகுதி இருக்கிறது, எந்த இரண்டு பகுதி ஒன்றாகத் தாளம் போட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தத் தளர்ச்சி ஒரு குறை என்று எனக்குத் தோன்றவில்லை. ரோட்டிலேயே ஒட்டிக்கொண்ட கவனத்துக்கு ஆடு தெரியாது.

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2022-ல் வந்த ஒரு கட்டுரை, பட்டன் அமுக்குவதை மட்டும் வைத்துத் தாளம் கண்டுபிடித்தவர்கள் போட்ட கணக்கு முறையில், தாளமே இல்லாத ஏற்ற இறக்கமும் தாளம் மாதிரித் தெரிந்துவிடும் என்று காட்டியது. லேபில் இதைப் பற்றி மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை நடக்கும். மூளைக்குள் நேராக அளந்தது உண்மை, பட்டன் கணக்கில் பாதி சந்தேகம், இதுதான் என் கட்சி.

இங்கே பஸ் ஓட்டுபவரைக் கேப்டன் என்கிறார்கள், தெரியுமா? நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், மாடி பஸ் நிறைய. நீங்கள் வந்தால் மேல்மாடி முன் சீட்டில் உட்கார வைக்கிறேன், ஆனால் ஓட்டுபவரைக் குறை சொல்லக் கூடாது. ரோட்டில் நடப்பவர்கள்தான் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்காக 2017-ல் சில கிராசிங்குகளில் தரையிலேயே விளக்குப் பட்டை பதித்துப் பார்த்தார்களாம், குனிந்த தலைக்கும் சிவப்பு தெரியட்டும் என்று. உங்கள் ஹாரன் இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். இராத்திரி டிரிப்பில் எதிர் லாரி ஹெட்லைட்டைக் குறைக்காமல் வந்தால் கண்ணை எங்கே வைப்பீர்கள், இடது ஓரக் கோட்டிலா, லாரியிலா? பதிலை தம்பியிடம் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள், எங்கள் லேபில் உங்கள் அளவுக்கு வண்டி ஓட்டியவர் யாரும் இல்லை. அப்புறம், அம்மா கொடுத்த நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் அங்கிருந்து யாராவது கிளம்பினால் இன்னொரு பாட்டில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், மூடியை டேப் போட்டு ஒட்டி.

இப்படிக்கு,
உங்கள் மகள்